லினக்ஸ் கருனி ஆவணமாக்கம்

லினக்ஸ் கருனி ஆவணமாக்கம் என்பது லினக்ஸ் இயக்குதளத்தின் மையப் பகுதியான கருனியைப் பற்றிய விளக்க ஆவணங்களை எழுதுதல், வகைப்படுத்துதல், சரிபார்த்தல், காலத்துக்கேற்பப் புதுப்பித்தல் ஆகிய பணிகளைக் குறிக்கும். இவ்வாவணங்கள் கருனியின் நிரல்மூலத்துடன் ஒரே களஞ்சியத்தில், "டாகுமெண்டேசன்" என்னும் தனி அடைவில் வைக்கப்பட்டுள்ளன. பல ஆயிரம் தன்னார்வலர்களும் நிறுவன ஊழியர்களும் பங்களிக்கும் ஒரு மென்பொருள் திட்டம் வளரும்போது அதன் ஆவணங்களை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்ற வினாவுக்கு இது முக்கியமான எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது.

பின்னணி

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு லினக்ஸ் கருனியின் முதற் பதிப்பை வெளியிட்டார். 0.01 என எண்ணிடப்பட்ட அப்பதிப்பு ஏறத்தாழ 10,000 வரிகளைக் கொண்டது. அந்த அளவுள்ள நிரலை ஒருவர் சில நாட்களில் முழுவதும் படித்து முடிக்கலாம். 1994 மார்ச்சில் வெளியான 1.0 பதிப்பு 1,76,250 வரிகளைக் கொண்டிருந்தது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இக்களஞ்சியத்தில் இருந்த வரிகளின் எண்ணிக்கை 2.7 கோடியைத் தாண்டியது. இன்று தனியொருவர் கருனி முழுவதையும் படித்து அறிதல் இயலாது.

கருனியின் புதிய பதிப்பு 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை வெளியாகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் 10,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்க்கப்படுவது வழக்கம். இவ்வேகத்தில் மாறும் நிரலுக்கு ஆவணம் எழுதுவதில் இரு இடர்கள் உள்ளன. முதலாவது, எழுதப்படாத அறிவு சில மூத்த நிரலாளர்களின் நினைவில் மட்டுமே தங்கி, அவர்கள் விலகும்போது மறைந்துவிடும். இரண்டாவது, எழுதப்பட்ட ஆவணம் நிரலோடு சேர்ந்து மாறாவிட்டால் அது படிப்போரைத் தவறான வழியில் செலுத்தும். ஆவணமே இல்லாதபோது படிப்பவர் நிரலைப் பார்ப்பார். பிழையான ஆவணம் இருந்தால் அதை நம்பிவிடுவார். ஆகவே இரண்டாவது இடர் முதலாவதைவிடக் கேடானது எனக் கருதப்படுகிறது.

தொடக்க கால ஆவணங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லினக்ஸ் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் கருனிக்கு வெளியே உருவாயின. 1992இல் மாட் வெல்ஷ் தொடங்கிய லினக்ஸ் ஆவணமாக்கத் திட்டம், பயனர்களுக்கும் முறைமை நிருவாகிகளுக்கும் உரிய வழிகாட்டிகளைத் தன்னார்வலர்களின் உதவியுடன் திரட்டியது. முறைமை அழைப்புகளை விளக்கும் கையேட்டுப் பக்கங்கள் 1993 முதல் தனித் திட்டமாகத் தொகுக்கப்பட்டன.

கருனியின் உட்பகுதிகளைப் பற்றிய குறிப்புகள் மட்டும் நிரல்மூலத்துடன் சேர்ந்த அடைவில் வெற்றுரைக் கோப்புகளாக இடம்பெற்றன. ஒரு வன்பொருளுக்கான இயக்கியை எழுதியவர் அதைப் பற்றிய குறிப்பையும் ஒரு கோப்பாக எழுதி அவ்வடைவில் சேர்ப்பார். எந்தக் கோப்புக்கு என்ன பெயர் இடுவது, எங்கே வைப்பது, யாருக்காக எழுதுவது என்பன பற்றிப் பொதுவான விதிகள் இருக்கவில்லை. கோப்புகள் சில நூறாக இருந்த வரை இம்முறை போதுமானதாக இருந்தது.

இக்காலத்தில் எழுதப்பட்ட சில ஆவணங்கள் இன்றும் பயன்படுகின்றன. ரஸ்டி ரஸ்ஸல் எழுதிய கருனி நிரலாக்க வழிகாட்டி அவற்றுள் ஒன்று. நிரல் மாறிக்கொண்டே இருப்பதால் எழுதியது எப்போதும் சரியாக இராது என்பதைத் தலைப்பிலேயே உணர்த்துமாறு அவர் அதற்கு "நம்பத்தகாத வழிகாட்டி" என்னும் பொருள்படப் பெயரிட்டார்.

நிரலுக்குள் ஆவணம்

நிரலும் விளக்கமும் வெவ்வேறு கோப்புகளில் இருந்தால் ஒன்றை மாற்றுபவர் மற்றொன்றை மறந்துவிடுவது இயல்பு. இதற்குத் தீர்வாக, விளக்கத்தை நிரலுக்குள்ளேயே குறிப்புரையாக எழுதும் "கெர்னல்-டாக்" முறை கொண்டுவரப்பட்டது. இக்குறிப்புரைகளைப் பிரித்தெடுக்கும் சிறுநிரல் 1998ஆம் ஆண்டில் பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. குநோம் பணிமேடைத் திட்டத்தில் வழங்கிய குறிப்புரை முறையை இது ஒத்திருந்தது.

இம்முறையில் ஒரு சாய்கோட்டையும் இரண்டு உடுக்குறிகளையும் இட்டுத் தொடங்கும் குறிப்புரை ஆவணத்துக்கு உரியதாகக் கொள்ளப்படும். அதன் முதல் வரியில் செயற்கூறின் பெயரும் ஒரு வரிச் சுருக்கமும் இருக்கும். அடுத்து ஒவ்வோர் அளபுருவும் தனித்தனி வரியில் விளக்கப்படும். அதன் பின் விரிவான விளக்கமும், செயற்கூறு திருப்பித்தரும் மதிப்பும் எழுதப்படும். நிரலை மாற்றுபவரின் கண்ணெதிரே விளக்கமும் இருப்பதால் இரண்டையும் ஒருசேரத் திருத்துவது எளிதாகிறது.

இவ்வாறு பிரித்தெடுத்த பகுதிகளை நூலாகத் தொகுக்க டாக்புக் என்னும் குறிமொழி பயன்படுத்தப்பட்டது. ஒரு நூலின் சட்டகத்தை ஒருவர் டாக்புக்கில் எழுதிவைப்பார். அதில் குறிப்பிட்ட இடங்களில் நிரலிலிருந்து எடுத்த விளக்கங்கள் செருகப்படும்.

எழுந்த சிக்கல்கள்

2010களின் நடுப்பகுதியில் ஆவண அடைவில் 2,000க்கும் மேற்பட்ட வெற்றுரைக் கோப்புகளும், முப்பதுக்கும் மேற்பட்ட டாக்புக் நூற்சட்டகங்களும் இருந்தன. அப்போது பின்வரும் குறைகள் வெளிப்படையாகத் தெரிந்தன.

• வெற்றுரைக் கோப்புகளுக்கும் டாக்புக் நூல்களுக்கும் இடையே இணைப்பு ஏதும் இல்லை. ஒரே பொருள் பற்றிய செய்திகள் இரண்டு இடங்களில் சிதறிக் கிடந்தன.
• டாக்புக்கில் எழுத ஏராளமான குறிகளை இடவேண்டியிருந்தது. நிரலாளர்கள் பலர் அதைக் கற்க முன்வரவில்லை.
• நூல்களை உருவாக்கத் தேவையான கருவிகளை நிறுவுவதும் இயக்குவதும் கடினமாக இருந்தன.
• நிரலில் உள்ள குறிப்புரைகளில் பட்டியல், அட்டவணை போன்ற அமைப்புகளை இட இயலவில்லை.
• கோப்புகள் துணை அமைப்புகளின் பெயரால் அடுக்கப்பட்டிருந்தன. எனவே ஒரு முறைமை நிருவாகிக்குத் தேவையான கோப்பும் இயக்கி எழுதுபவருக்குத் தேவையான கோப்பும் ஒரே இடத்தில் கலந்திருந்தன.

இவற்றுள் இறுதிக் குறையே புதியவர்களை மிகவும் பாதித்தது. தேவையான ஆவணம் இருந்தும், அது இருப்பதை அறியும் வழி அவர்களுக்கு இல்லை.

ஸ்பிங்ஸ் கருவிக்கு மாறுதல்

1998இல் லினக்ஸ் செய்தி இதழான எல்டபிள்யூஎன் தளத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஜொனாத்தன் கார்பெட், 2014ஆம் ஆண்டில் கருனி ஆவணங்களின் பராமரிப்பாளர் பொறுப்பை ஏற்றார். அக்காலத்தில் வரைகலை துணை அமைப்பைச் சேர்ந்த நிரலாளர்கள் தம் ஆவணங்களுக்கு எளிய குறிமொழி ஒன்று தேவை எனக் கோரி, அதற்கான சோதனைகளிலும் ஈடுபட்டிருந்தனர். அஸ்கிடாக், ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் ஆகிய இரண்டும் ஆராயப்பட்டன. முடிவில் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் குறிமொழியும், அதைப் பக்கங்களாக மாற்றும் ஸ்பிங்ஸ் கருவியும் தேர்ந்தெடுக்கப்பட்டன.

ஸ்பிங்ஸ் கருவி பைத்தான் நிரல்மொழியின் ஆவணங்களுக்காக ஜார்ஜ் பிராண்டல் உருவாக்கி 2008இல் வெளியிட்டதாகும். லாடெக் முறையில் இருந்த பைத்தான் ஆவணங்களை எளிய முறைக்கு மாற்றும் முயற்சியில் அது பிறந்தது. பல கோப்புகளை ஒரே பொருளடக்கத்தின் கீழ் கோத்தல், கோப்புகளுக்கிடையே குறுக்கு இணைப்பு தருதல், சொல்லடைவு உருவாக்குதல் ஆகியன இதன் சிறப்புகள்.

கருனி நிரலாளர்கள் இக்குறிமொழியை ஏற்றதற்கு முக்கியக் காரணம், எந்தக் கருவியும் இன்றி வெறும் உரைத்தொகுப்பியில் திறந்தாலும் கோப்பைப் படிக்க முடியும் என்பதே. தலைப்பின் கீழ் கோடிடுதல், பட்டியலுக்கு முன் உடுக்குறி இடுதல் போன்ற வழக்கங்கள் அவர்களின் பழைய வெற்றுரைக் கோப்புகளிலேயே இருந்தன. ஆகவே பல கோப்புகள் சிறு திருத்தங்களுடன் புதிய முறைக்கு மாறின.

2016 அக்டோபரில் வெளியான கருனி 4.8 பதிப்பில் ஸ்பிங்ஸ் முறை சேர்க்கப்பட்டது. இதற்கான அடிப்படைப் பணிகளில் யானி நிக்குலா பெரும்பங்கு ஆற்றினார். ஊடகத் துணை அமைப்பின் விரிவான நூல்களை மாற்றுவதில் மௌரோ கார்வால்யோ செகாப், மார்க்குஸ் ஹைசர் ஆகியோர் ஈடுபட்டனர். 2017ஆம் ஆண்டில் எஞ்சிய டாக்புக் நூல்களும் மாற்றப்பட்டு, பழைய முறை நீக்கப்பட்டது. 2019இல் பெருமளவு வெற்றுரைக் கோப்புகள் புதிய முறைக்குக் கொண்டுவரப்பட்டன. பெர்ல் மொழியில் இருந்த கெர்னல்-டாக் சிறுநிரலுக்குப் பதிலாக 2025இல் பைத்தான் வடிவம் ஏற்கப்பட்டது.

வாசகர் அடிப்படையிலான பகுப்பு

கருவி மாற்றத்தைவிட ஆழமான மாற்றம் பகுப்பு முறையில் நிகழ்ந்தது. எந்தத் துணை அமைப்பைப் பற்றியது என்பதைவிட யார் படிப்பதற்கு உரியது என்பதே ஓர் ஆவணத்தின் இடத்தைத் தீர்மானிக்கவேண்டும் என்ற கொள்கை வகுக்கப்பட்டது. அதன்படி ஆவணங்கள் பின்வரும் நூல்களாகத் தொகுக்கப்படுகின்றன.

• நிருவாகி வழிகாட்டி: கருனியை நிறுவி இயக்குவோருக்கு உரியது. தொடக்க அளபுருக்கள், வழுக்களை அறிவிக்கும் முறை முதலியன இதில் அடங்கும்.
• பயனர்வெளி இடைமுக நூல்: கருனியின் மேல் இயங்கும் செயலிகளை எழுதுவோருக்கு உரியது.
• உள்ளக இடைமுக நூல்: கருனியின் பொதுவான உட்கூறுகளைப் பயன்படுத்துவோருக்கு உரியது.
• இயக்கி இடைமுக நூல்: வன்பொருள் இயக்கிகளை எழுதுவோருக்கு உரியது.
• மேம்பாட்டுச் செயல்முறை நூல்: மாற்றங்களை அனுப்பும் முறை, நிரல் எழுதும் பாணி, நடத்தை விதிகள் ஆகியவற்றைக் கூறுவது.
• மேம்பாட்டுக் கருவிகள் நூல்: சோதனைக்கும் வழு நீக்கத்துக்கும் உரிய கருவிகளை விளக்குவது.

ஒரு பொருள் இருவகை வாசகர்களுக்கும் தேவைப்பட்டால் அது இரண்டு ஆவணங்களாகப் பிரிக்கப்படும். எடுத்துக்காட்டாக, நினைவக மேலாண்மையில் நிருவாகி மாற்றத்தக்க அமைப்புகள் ஓரிடத்திலும், அதன் உள்வேலை மற்றோரிடத்திலும் விளக்கப்படுகின்றன. செயலிக் கட்டமைப்பு ஒவ்வொன்றுக்கும் உரிய அடைவுகள் மேல்நிலையில் சிதறி இருந்தன. 2023இல் அவை ஒரே அடைவின் கீழ் கொண்டுவரப்பட்டன.

கோப்புகளை இடமாற்றுவதிலும் சிக்கல் உண்டு. நிரல் எழுதும் பாணி, மாற்றங்களை அனுப்பும் முறை ஆகியவை பற்றிய கோப்புகளைப் பல ஆண்டுகளாக வெளி நூல்களும் இணையப் பக்கங்களும் பழைய பெயரால் சுட்டி வந்தன. 2016இல் அவை புதிய நூலுக்கு மாற்றப்பட்டபோது, புதிய இடத்தைக் கூறும் சிறு கோப்புகள் பழைய இடத்தில் விட்டுவைக்கப்பட்டன.

பயனர்வெளி இடைமுக ஆவணங்கள்

கருனியின் உட்புற இடைமுகங்கள் எந்நேரமும் மாறலாம். அவை ஏன் நிலையாக வைக்கப்படுவதில்லை என்பதை கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய ஆவணம் ஒன்று விளக்குகிறது. ஆனால் பயனர் செயலிகள் சார்ந்திருக்கும் வெளி இடைமுகங்களை உடைக்கலாகாது என்பது டோர்வால்ட்ஸ் வலியுறுத்தும் விதி. எனவே எது வெளி இடைமுகம், எது எவ்வளவு காலம் மாறாது என்பதைப் பதிவு செய்வது அவசியமாயிற்று.

இதற்காக 2006இல் தனி அடைவு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அதில் இடைமுகங்கள் நிலையானவை, சோதனையில் உள்ளவை, வழக்கொழிபவை, நீக்கப்பட்டவை என நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பதிவிலும் இடைமுகத்தின் பெயர், சேர்க்கப்பட்ட காலம், கருனிப் பதிப்பு, பொறுப்பாளர், விளக்கம் ஆகியவை குறிப்பிட்ட ஒழுங்கில் இருக்கவேண்டும். நீக்கப்பட்ட இடைமுகங்களுக்கும் இடம் அளித்திருப்பது கவனிக்கத்தக்கது. பழைய செயலி ஒன்று ஏன் இயங்கவில்லை எனத் தேடுபவருக்கு அப்பதிவே விடை தரும்.

முறைமை அழைப்புகளின் விரிவான விளக்கம் கருனிக் களஞ்சியத்தில் இல்லாமல், கையேட்டுப் பக்கங்கள் திட்டத்தில் உள்ளது. 2004 முதல் பல ஆண்டுகள் இதன் பராமரிப்பாளராக இருந்த மைக்கேல் கெரிஸ்க், ஆவணம் எழுதும்போதே இடைமுகங்களைச் சோதித்துப் பார்த்து அவற்றின் வழுக்களையும் வடிவமைப்புக் குறைகளையும் சுட்டிக்காட்டினார். ஓர் இடைமுகத்தை எளிதாக விளக்க இயலவில்லை என்றால் அதன் வடிவமைப்பில் குறை இருக்கக்கூடும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

பொறிவழிச் சரிபார்ப்பு

ஆயிரக்கணக்கான ஆவணங்களை மனிதர் மட்டுமே படித்துச் சரிபார்ப்பது இயலாது. ஆகவே பொறியால் செய்யத்தக்க சோதனைகள் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன.

ஒரு செயற்கூறின் அளபுரு மாறியும் குறிப்புரை மாறாவிட்டால், கூடுதல் எச்சரிக்கைகளுடன் நிரலைத் தொகுக்கும்போது அம்முரண்பாடு சுட்டிக்காட்டப்படும். எந்தப் பொருளடக்கத்திலும் இடம்பெறாத கோப்பு இருந்தால் ஸ்பிங்ஸ் எச்சரிக்கும். களஞ்சியத்தில் இல்லாத ஆவணக் கோப்பைச் சுட்டும் குறிப்புகளைக் கண்டறிய ஒரு சிறுநிரல் உள்ளது.

வன்பொருள் அமைப்பைக் கருனிக்கு விவரிக்கும் "டிவைஸ் ட்ரீ" முறைக்குரிய ஆவணங்கள் இதில் மேலும் ஒரு படி சென்றன. ஒரு சில்லு அல்லது கருவியை எந்தப் பண்புகளால் விவரிக்கவேண்டும் என்பது முன்பு வெறும் உரையாக எழுதப்பட்டது. அண்மை ஆண்டுகளில் அவை யாமல் வடிவில், பொறி படிக்கத்தக்க விதிகளாக எழுதப்படுகின்றன. ஒரு பலகைக்காக எழுதிய விவரிப்பு அவ்விதிகளுக்கு உட்படுகிறதா எனக் கருவியே சரிபார்க்கும். இங்கு ஆவணமே சோதனையாகவும் பயன்படுகிறது.

2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பு முதல் கருனியில் ரஸ்ட் மொழிக்கு இடமளிக்கப்பட்டது. ரஸ்ட் நிரல்களின் ஆவணங்கள் அம்மொழிக்குரிய கருவியால் உருவாக்கப்படுகின்றன. அவற்றில் எடுத்துக்காட்டாகத் தரப்படும் நிரல்துண்டுகளை 2023 முதல் சோதனைகளாகவும் இயக்கிப் பார்க்கலாம்.

மொழிபெயர்ப்புகள்

ஆங்கில மூல ஆவணங்களுடன் சீனம், சப்பானியம், கொரியம், இத்தாலியம், எசுப்பானியம் ஆகிய மொழிகளிலும் ஒரு பகுதி ஆவணங்கள் களஞ்சியத்தில் உள்ளன. மாற்றங்களை அனுப்பும் முறை, நிரல் எழுதும் பாணி போன்ற, புதியவர் முதலில் படிக்கவேண்டிய கோப்புகளே பெரும்பாலும் முதலில் மொழிபெயர்க்கப்படுகின்றன. மூல ஆவணம் மாறும்போது மொழிபெயர்ப்பும் பின்தங்கிவிடும் என்பதால், ஒவ்வொரு மொழிக்கும் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பாளர் தேவைப்படுகிறார்.

குறைகளும் விமர்சனங்களும்

கருனிக்கு நிரல் எழுதுவோரில் பெரும்பாலோர் அதற்கென ஊதியம் பெறும் நிறுவன ஊழியர்கள். ஆனால் ஆவணம் எழுதுவதையே முழுநேரப் பணியாகக் கொண்டோர் மிக அரிது. இதனால் தனித்தனிச் செயற்கூறுகளின் விளக்கங்கள் பெருகியிருப்பினும், ஒரு துணை அமைப்பின் முழுமையான தோற்றத்தைத் தரும் கட்டுரைகள் குறைவாகவே உள்ளன. குறிப்புரைகளைத் தானாகத் திரட்டிய பக்கம் ஓர் அகராதியைப் போன்றது. சொற்களின் பொருள் தெரியலாம், ஆனால் அம்மொழியில் பேசக் கற்றுக்கொள்ள அது மட்டும் போதாது.

அச்சு நூல்களும் இவ்விடைவெளியை நீண்டகாலம் நிரப்ப இயலவில்லை. கார்பெட், அலெசாண்ட்ரோ ரூபினி, குரோவா-ஹார்ட்மன் ஆகியோர் எழுதி 2005இல் வெளியான லினக்ஸ் இயக்கிகள் பற்றிய நூலின் மூன்றாம் பதிப்பு, கருனி 2.6.10 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. அடிப்படைக் கருத்துக்களை அறிய அது இன்றும் உதவினாலும், அதிலுள்ள நிரல்களுள் பல இன்றைய கருனியில் மாற்றமின்றி இயங்கா.

பழைய ஆவணங்களை நீக்குவது குறித்தும் கருத்து வேறுபாடுகள் உள்ளன. நிரலில் இல்லாத ஒன்றை விளக்கும் கோப்பைப் புதிய வடிவுக்கு மாற்றுவது, அது இன்றும் செல்லுபடியாகும் என்ற தோற்றத்தைத் தந்துவிடும். எனவே வடிவ மாற்றத்துக்கு முன் உள்ளடக்கம் சரிபார்க்கப்படவேண்டும் என்று வலியுறுத்தப்படுகிறது. எல்லாக் கோப்புகளையும் மாற்றவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நினைவகத் தடுப்புகளைப் பற்றிய விரிவான ஆவணம் போன்ற சில, வெற்றுரையாகவே பராமரிக்கப்பட்டு வந்துள்ளன.

பிற திட்டங்களுக்கான பயன்

கருனியைவிடப் பன்மடங்கு சிறிய மென்பொருள் திட்டங்களுக்கும் இவ்வனுபவத்திலிருந்து பெறத்தக்கவை சில உண்டு. நிரலையும் ஆவணத்தையும் ஒரே களஞ்சியத்தில் வைத்தால் இரண்டையும் ஒரே மாற்றத்தில் திருத்தலாம். படிப்பவர் யார் என்பதை முதலில் தீர்மானித்தால் ஆவணத்தின் இடமும் நடையும் தாமே அமையும். எழுதுவோருக்குத் தடையாக இல்லாத எளிய வடிவத்தைத் தேர்ந்தால் பங்களிப்போர் கூடுவர். பொறியால் சரிபார்க்க இயலுவதைப் பொறியிடம் விட்டால், மனிதர் தம் நேரத்தைக் கருத்தைச் சரிபார்ப்பதில் செலவிடலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் ஆவணத்துக்கும் பெயர் குறிப்பிட்ட பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். கருனியின் பராமரிப்பாளர் பட்டியலில் நிரல் கோப்புகளுடன் அவற்றுக்குரிய ஆவணக் கோப்புகளும் சேர்த்துக் குறிப்பிடப்படுவது இந்நோக்கம் கருதியே ஆகும்.